தேதி தெரியாத கட்டு

அன்பு நண்பா,

இன்று காலை ஏழு நாற்பது ரயில் கிள்ளான் நிலையத்தில் நின்று கதவு திறந்தபோது, உப்புச் சேற்றின் நெடி பெட்டிக்குள் நுழைந்தது. கடல் நீர் வடிந்திருக்க வேண்டும். எதிரே அமர்ந்திருந்த பெண்மணி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். நானோ ஆழ்ந்து இழுத்தேன். மற்றவர்களுக்கு அது சேறு. எனக்கு அது 1985 மார்ச்சு 14, வியாழக்கிழமை.

அப்போது நாம் இறுதியாண்டு மாணவர்கள். காட்டுப் பிரம்பைக் கணக்கின்றி வெட்டித் தீர்த்ததால், நாற்காலி பின்னும் மெல்லிய நார் அரிதாகிக்கொண்டிருந்தது. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையின், தோட்டங்களில் வெட்டித் தரையில் மக்கவிடும் மட்டையின் தோலை உரித்து, அந்த நாருக்கு மாற்றாக்க முடியுமா என்பதே நம் ஆய்வு. அறிக்கையை ஏப்ரல் 12 மாலை ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். முடியாது என்று எழுதிக் கொடுத்தாலும் பட்டம் கிடைத்திருக்கும். நீதான் ஒப்பவில்லை.

“முடியாதுன்னு நாம எழுதிட்டா, அப்புறம் இத எவனும் தொடமாட்டான்டா. காடு மொட்டையாகிற வரைக்கும் பிரம்பத்தான் வெட்டுவானுங்க,” என்றாய்.

நான் உரித்த நாரையெல்லாம் பாடநூல் சொன்னபடி உலர்த்தும் பெட்டியில் வைத்து, ஒவ்வொரு கட்டிலும் தேதியும் நேரமும் எழுதி ஒட்டினேன். அவற்றை பிரிக்ஃபீல்ட்ஸில் நாற்காலி பின்னும் ராமையா அண்ணனிடம் கொண்டுபோனோம். சிறு வயதிலேயே பார்வை இழந்தவர் அவர். விரல்களால் நாரைப் படிப்பவர். ஓர் இழையை எடுத்து வளைத்தார். படக்கென்று முறிந்தது. இன்னொன்று. அதுவும் முறிந்தது.

“அப்பளம் நல்லாத்தான் பொரிச்சிருக்கீங்க தம்பி. இதுமேல யாரு உக்காருறது?”

“நூத்தஞ்சு டிகிரி அண்ணே. சரியா இருபத்து நாலு மணி நேரம்,” என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

“அதத்தான் நானும் சொல்றேன். நல்லா பொரிஞ்சிருக்கு.”

நீ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கு மூன்று நாள் உன்னோடு பேச மனம் வரவில்லை.

பிறகுதான் அந்த வியாழக்கிழமை. பண்டமாரானிலிருந்து மோட்டார் சைக்கிளில், நீர் சொட்டச் சொட்ட, தெருவே திரும்பிப் பார்க்கும் நாற்றத்தோடு மட்டைக் கட்டு ஒன்றை பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டுவந்தாய். உன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் உப்புக் கால்வாயில், ஒரு கம்பத்தில் சிக்கிக் கிடந்ததாம். ராமையா அண்ணன் முகம் சுளித்தபடி அதிலிருந்து ஓர் இழையைக் கட்டைவிரலில் சுற்றினார். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. முறியவில்லை.

“இது எந்தக் காட்டுப் பிரம்பு?”

“பிரம்பு இல்லண்ணே. அதே செம்பனை மட்டைதான்!”

நீ துள்ளினாய். எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனாலும் நான் கேட்டது, “எத்தனை நாள் ஊறியது?” என்றுதான்.

“தெரியாதுடா.”

“தெரியாததை எப்படி அறிக்கையில் எழுதுவது? மறுபடி எப்படிச் செய்துகாட்டுவது?”

“டேய் காலண்டர்! முறியலடா! மொதல்ல அதப் பாரு!”

நீ சொன்னதும் சரி, நான் கேட்டதும் சரி. அதனால்தான் அன்று மாலையே இருவரும் உன் வீட்டுக்கு ஓடினோம். உன் தங்கை சரசு அடுப்படியில் இருந்தாள். கட்டு எப்படிக் கால்வாய்க்குப் போனது என்று கேட்டதும், குற்றவாளி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“நான்தான் தூக்கிப் போட்டேன். அடுப்படியில நடக்க எடம் விட்டீங்களா? ரெண்டு பேரும் படிச்சவங்கதான லா!”

“என்றைக்கு, சரசு? நாள் நினைவிருக்கிறதா?” நான் கிட்டத்தட்டக் கெஞ்சினேன்.

“ஏன் இல்ல அண்ணே? சீனப் பெருநாளுக்கு மொத நாள். பாசாங் வந்து கடல் தண்ணி வாசப்படி வரைக்கும் ஏறிடுச்சு. பக்கத்து வீட்டு ஆன்டி படையலுக்கு வெச்சிருந்த கோழியத் தூக்கிட்டு வந்து நம்ம மேசைமேல விட்டாங்க. அது உங்க மட்டைமேல ஏறி நின்னு எச்சம் போட்டுச்சு. அப்பத்தான் கோவத்துல வீசினேன்.”

உங்கள் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் புரட்டினேன். பெருநாள் பிப்ரவரி 20. அதற்கு முதல் நாள் 19, செவ்வாய்க்கிழமை. அன்றிலிருந்து இருபத்து மூன்று நாள்! நான் அந்த எண்ணைக் கத்தியே சொன்னேன் என்று நீ பிற்பாடு பலரிடமும் கதை பரப்பினாய். மறுக்கமாட்டேன்.

மறுநாள் உன் மாமா வேலை செய்த பந்திங் தோட்டத்தில் புது மட்டை வாங்கி, சனிக்கிழமை, 16ஆம் தேதி, அதே கால்வாயில், அதே கம்பத்தில் கட்டி இறக்கினோம். இருபத்து மூன்று நாள் கழித்தால் ஏப்ரல் 8. அதன்பின் கையில் இருப்பது நான்கே நாள். தவறினால் இன்னொரு முறை இல்லை.

ஏப்ரல் 8 காலை கட்டை வெளியே இழுத்தோம். ராமையா அண்ணன் பழைய நாற்காலி ஒன்றின் பிய்ந்த இருக்கையை அறுத்தெறிந்துவிட்டு, அந்த நாரால் பின்னத் தொடங்கினார். புதன்கிழமை பிற்பகல் பின்னி முடித்தார்.

“தடிச்ச தம்பி, நீ ஏறு,” என்றார்.

நீ உட்காரவில்லை; ஏறி நின்று குதித்தாய். கிறீச்சென்று ஒரு சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“நாற்காலிக் காலுதான் கத்துது. கெழட்டுக் காலு,” ராமையா அண்ணன் இருக்கையைத் தடவிப் பார்த்தார். “நாரு வாயே தொறக்கல. தம்பி, இன்னும் ரெண்டு கட்டு வேணுமே, எப்பக் கெடைக்கும்?”

இதைவிடப் பெரிய மதிப்பெண்ணை எந்தப் பேராசிரியரும் எனக்குத் தந்ததில்லை. அறிக்கையைப் பன்னிரண்டாம் தேதி நான்கு பத்துக்கு ஒப்படைத்தோம். செய்முறைப் பகுதியின் முதல் வரியில் சரசுவின் பெயரை எழுதியது நான். கோழியையும் சேர்க்கச் சொன்னது நீ.

அன்று கிள்ளான் பேருந்தில் நின்றுகொண்டே வந்தோம். நான் களைத்திருந்தேன். நீயோ, “அடுத்தது என்னடா?” என்றாய். காடும் கடலும் தந்து ஓய்ந்துபோன, இனி மாற்றுத் தேட வேண்டிய பொருள்களை நீ ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் ஒரு தாளில் எழுதினேன். பதினொன்று. நீ வேறு வேலைக்குப் போனாய். நான் ஆய்வகத்திலேயே ஓய்வு பெற்றேன். ஆனாலும் தீபாவளிதோறும் தொலைபேசியில் உன் முதல் கேள்வி, “எத்தன முடிஞ்சுது?” என்பதாகவே இருந்தது.

நீ மறைந்து ஒன்பது மாதமும் நான்கு நாளும் ஆகின்றன. ஒன்பது முடிந்தன, சிலவற்றில் தோல்வியையும் முடிவென்றே கணக்கிட்டு. பத்தாவது, தோல் பதனிட உரிக்கும் அலையாத்தி மரப்பட்டை. அதற்கு ரம்புத்தான் பழத்தோல் ஈடாகும் என்று ஏனோ உறுதியாகத் தோன்றுகிறது. இரண்டு வாளி நிறையச் சேர்த்துவிட்டேன். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஊறப் போடுகிறேன்.