எதிர்வீட்டுச் சீர்

சிவகாசி
10.6.2007

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே பிரீத்திகாவும் அவள் அம்மாவும் சுகம். மாமாவுக்குச் சர்க்கரை இப்போது எப்படி? நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

அம்மா உங்களுக்கு எழுதிவைத்த வீடு. யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் வெடி விபத்தில் வெந்தவர்களுக்கு அறுபது கட்டில் போட்டுக் காப்பகமா? அதுவும் என் வாசலுக்கு எதிரே? தெருவே கொதிக்கிறது. "நாளைக்கிப் பொண்ணு பாக்க வர்றவன் அந்த மூஞ்சிகளப் பாத்துட்டு வண்டியத் திருப்பிருவான்" என்கிறார் அச்சாபீஸ் கனகசபாபதி அண்ணாச்சி. கலெக்டருக்குக் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

ஊருக்கு வெளியே ஆனைக்குட்டம் பக்கம் நானே இடம் தருகிறேன். யோசியுங்கள்.

அன்புத் தம்பி,
நவநீதகிருஷ்ணன்

விருதுநகர்
17.6.2007

தம்பிக்கு,

மாமாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. உன் கடிதத்தைப் படித்து எனக்குத்தான் ரத்தம் கொதிக்கிறது.

ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்க அவர்கள் என்ன வெடிமருந்தா? முதலில் வரப்போகிறவள் விஸ்வநத்தம் சண்முகத்தாய். உன் பட்டாசுக் கம்பெனியில் திரி செருகினவள். ஆயுத பூஜைக்கு வருஷம் தவறாமல் நம் வீட்டுக்கு வந்து பொரி வாங்கிப் போனவள். அந்த முகம் வேகிறவரைக்கும் உனக்கு வேண்டியிருந்தது. ஆத்தைக் கடக்கிறவரைக்கும்தான் அண்ணன் தம்பி போல.

காப்பகம் அங்கேதான். அண்ணாச்சியிடமும் சொல்லிவிடு.

அக்கா,
தங்கத்தாய்

விருதுநகர்
3.9.2007

நவநீதா,

நலம் விசாரிக்க மனசில்லை.

நேற்று அவர்கள் வேனிலிருந்து இறங்கும் நேரம் பார்த்து உன் வாசலில் பத்தாயிரம் வாலா வெடித்தது. கேட்டால் கோயில் நேர்த்திக்கடன் என்கிறாய். எந்தச் சாமிடா உச்சிவெயிலில் உன் வாசலில் வந்து சரவெடி கேட்டது? உன் கம்பெனி லேபிள் துண்டுகள் அம்மா வீட்டுப் படிவரைக்கும் கிடந்தன.

சண்முகத்தாய் வேனுக்கு அடியில் புகுந்துகொண்டாள். "ஏலே பாண்டி, வெளிய ஓடியாலே! வெளிய ஓடியா!" என்று கத்தினாள். பாண்டிராஜ் அவள் தம்பி. விபத்து நடந்த அன்றைக்கு உன் ஷெட்டுக்குள் மாட்டிக்கொண்டு வராமலே போனவன். அவளை வெளியே இழுக்க எங்களுக்கு வெகுநேரம் ஆயிற்று.

அவளுக்கும் ஒரு தம்பி இருந்தான். எனக்கு இருக்கிறானா என்றுதான் தெரியவில்லை.

தங்கத்தாய்

சிவகாசி
9.9.2007

அன்புள்ள அக்காவுக்கு,

சரம் என் கம்பெனியுடையது, தீ வைத்தது தெருக்காரர்கள். நான் உள்ளேதான் இருந்தேன். விட்டுவிடுங்கள்.

நல்ல சேதி. பிரீத்திகா பெரியவளாகிவிட்டாள். வரும் ஞாயிறு, 16ஆம் தேதி காலையில் சடங்கு. அத்தை வந்து தண்ணீர் ஊற்றாமல் முடியுமா? பிள்ளை உங்களைத்தான் கேட்கிறாள். உங்கள் சீர் வரும்போது எப்போதும்போல வாசலில் சரம் வைத்து வரவேற்கிறேன். காரில் நேரே என் வீட்டுக்கே வந்துவிடுங்கள். எதிர்வீட்டுப் பக்கம் அன்றைக்கு மட்டும் போக வேண்டாம், சம்பந்தம் பேச வருகிறவர்கள் பார்ப்பார்கள்.

தம்பி,
நவநீதகிருஷ்ணன்

விருதுநகர்
12.9.2007

தம்பி,

உள்ளே இருந்தாயாம். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவன் தீ வைத்திருப்பான்?

பிரீத்திகாவுக்குத் தண்ணீர் ஊற்ற வருவேன். உன் புத்திக்காகப் பிள்ளைக்குச் செய்வதைக் குறைக்க மாட்டேன். ஆனால் காரில் வர மாட்டேன். சனிக்கிழமையே வந்து எதிர்வீட்டில் தங்குவேன். சீர் அங்கிருந்துதான் கிளம்பும். தட்டுகளை அங்கே இருக்கிற பெண்கள் எடுப்பார்கள். விரல் ஒட்டிப்போனவர்கள் இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு தட்டு. பட்டுப்பாவாடை வைத்த முதல் தட்டு சண்முகத்தாய் கையில்.

"நான் வந்தா புள்ள பயந்துருமேம்மா" என்றாள். "பயந்தா பயப்படட்டும், அப்புறம் பழகிரும். நீ எடு" என்று சொல்லிவிட்டேன். தெருவே வாசலில் நின்று பார்க்கட்டும்.

சீருக்குச் சரம் வைப்பது நம் வழக்கம்தான். இந்தத் தடவை வைக்காதே. தெருக்காரனையும் வைக்க விடாதே. ஒரு ஒத்தை வெடிச் சத்தம் கேட்டாலும் செம்புத் தண்ணீரை உன் வாசலில் கவிழ்த்துவிட்டு, அவர்களோடு திரும்பிவிடுவேன். அப்புறம் நான் செத்தால் நீ கோடிச்சேலை கொண்டுவர வேண்டாம்.

கதவைத் திறந்து வை.

உன் அக்கா,
தங்கத்தாய்