பக்கத்து அறையில் வெங்காயம் கேள்

வியாசர்பாடி,
22-10-2003

அன்பு மகள் செங்கொடிக்கு நைனா எழுதுவது. ஜெய்பீம். இங்கு நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், சாப்பாடும் ஒழுங்காக இறங்குகிறது, ஜெர்மனியில் உனக்கும் அப்படியே இறங்க வேண்டும். முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பக்ருதீன் பாய் பூத்துக்குப் போன் போட்டபோது லைன் தானாகக் கட்டாகவில்லை. நான்தான் ரிசீவரை வைத்தேன். நீ அழுதுகொண்டே இரண்டு கேள்வி கேட்டாய். பெட்டியில் அந்தக் கம்பியை மாட்டியது யார் என்பது ஒன்று, நான் திரும்பி வந்துவிடட்டுமா என்பது ஒன்று. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. இரண்டாவதுக்கு வாயைத் திறந்தால் வா கண்ணு என்று வந்துவிடும் போல இருந்தது. அதனால் வைத்துவிட்டேன். வெளிநாட்டு லைன் இப்படித்தான் பாய், பேஜாரு என்று பக்ருதீனிடம் சொல்லிவிட்டு நழுவப் பார்த்தேன். லைன் நல்லாத்தானே கீது டில்லி, நீ இன்னாத்துக்கு வெச்ச என்று கடையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். அந்த மனுசனுக்குக் கண் போயிற்று, பல் போயிற்று, காது மட்டும் போகமாட்டேன் என்கிறது.

இப்போது வரிசையாகப் பதில் சொல்கிறேன். கம்பியை மாட்டியது நான்தான். ஏர்போர்ட் போகும் வேனில் நீ அம்மா தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாயே, அப்போது மாட்டினேன். ஹார்பரில் நம் டிரெய்லரில் ஏற்றும் கன்டெய்னருக்குப் போடுகிற கம்பி சீல் அது. நீ வாங்கி வைத்திருந்த பூட்டு பொம்மைக் கல்யாணத்துக்குப் போடுகிற பூட்டு மாதிரி இருந்தது, எனக்கு மனசு கேட்கவில்லை. சீல் உடையாமல் போய்ச் சேர்ந்தால் உள்ளே இருப்பது பத்திரம், எனக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். கட்டர் போட்டு வெட்டினால்தான் திறக்கும் என்பதும் தெரியும், ஆனால் பெரிய பெரிய லாரி செய்கிற நாட்டில் ஒரு கட்டர் இல்லாமலா போகும் என்று நினைத்தேன். விமானம் இறங்கிய இடத்தில் சீல் நம்பரைப் பார்த்து இது எந்தக் கப்பல் சரக்கு என்று கேட்பார்கள், பெட்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு உன்னை மட்டும் அனுப்புவார்கள் என்று கனவா கண்டேன். அவ்வளவு தூரம் பறந்து, அதற்கு மேல் இரண்டு ரயில் மாறி, போட்டிருந்த சுடிதாரோடே போய் வகுப்பில் உட்கார்ந்தாயே, யாரோ கொடுத்த ஆறடி ஆள் கோட்டை வேறு மேலே போட்டுக்கொண்டு. கூடாரத்துக்குள்ளிருந்து கோழிக்குஞ்சு எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்திருப்பாய். நினைத்தால் பாவமாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது, இரண்டையும் பொறுத்துக்கொள். பெட்டி வந்து சேர்ந்ததும் பருப்புப் பொடி ஒரு சிட்டிகை கூடச் சிந்தவில்லை என்று நீயே சொன்னாய். அது யார் போட்ட சீல்? உன் அம்மா ரமாபாயிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். பொண்ண அனுப்பினியா லோடு அனுப்பினியா என்று கேட்டாள். இன்றைக்கு வரைக்கும் தட்டில் சோறு போடும்போதெல்லாம் அதையேதான் கேட்கிறாள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வராதே. இந்த ஆறு மாதப் படிப்புக்கு உங்கள் காலேஜில் இருந்து உன் ஒருத்தியைத்தான் எடுத்தார்கள், பாதியில் வந்தால் மறுபடி அனுப்ப மாட்டார்கள் என்று உன் மேடம் சொன்னதையும் நீதான் சொன்னாய். உன் அம்மாவும், அழுவுறது அழுவட்டும், அழுதுகினே படிச்சிட்டு வரச் சொல்லு என்று சொல்லிவிட்டுப் போய் உன் தலையணையை வெயிலில் போட்டாள். யாரும் என்னோடு பேசவில்லை நைனா, நான் ஒருத்தி அங்கே இருப்பதே யாருக்கும் தெரியவில்லை என்றாய் பார், அது ஒன்றுதான் உன் நிஜமான கஷ்டம் என்று எனக்குப் படுகிறது. குளிர் எல்லாம் சும்மா. அதற்கு என்னிடம் மருந்து இருக்கிறது. எண்ணூர் ரோட்டில் ஹார்பருக்குள் நுழைய டிரெய்லர்கள் நிற்கிற வரிசை உனக்குத் தெரியும். முதல் முதலாக நான் தனியாக வண்டி எடுத்தபோது திருவொற்றியூரில் அந்த வரிசையில் மாட்டினேன். மற்ற டிரைவர்கள் எல்லாம் ரோட்டோரம் ஸ்டவ் வைத்து, சிரித்துப் பேசிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். நான் கேபினுக்குள் பன்னைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கண் அசந்த நேரம் வரிசை நகர்ந்துவிட்டது, ஒருத்தனும் எழுப்பவில்லை, பின்னால் இருந்த வண்டி எல்லாம் என்னைத் தாண்டிப் போய்விட்டன. சாவியை வண்டியிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்துவிடலாம் என்று இறங்கினேன். அப்போது தாண்டிப் போன ஒரு வண்டியில் இருந்து ஒரு ஆள் தலையை நீட்டி, யார்கிட்டயாவது எதனா கேட்டியா நைனா, வாயத் தொறந்து கேக்காத ஆள யாருக்குத் தெரியும், எப்படி எழுப்புறது என்றார். நம் எத்திராஜ் மாமாதான் அது. வரிசையில் புதுசாக வருகிறவன் முன்வண்டிக்காரரிடம் போய் ஒரு வெங்காயமோ உப்போ கேட்க வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். கொடுக்கக் கூடாது, கேட்க வேண்டும். வாங்கியவன் மறந்துவிடுவான், கொடுத்தவனுக்கு நம் மேல் ஒரு பாத்தியம் வந்துவிடும், வரிசை நகர்ந்தால் கதவைத் தட்டுவான். நான் வெங்காயம் கேட்டேன். அன்றைக்கு வெங்காயத்தோடு குழம்பும் கிடைத்தது, எத்திராஜ் மாமாவும் கிடைத்தார், இரண்டில் குழம்புதான் நன்றாக இருந்தது.

நீ போனதும் என்ன செய்தாய்? அறை அறையாகப் போய் மிக்சர் பாக்கெட்டைக் கொடுத்தாய். அவர்களும் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாத்தாமல் என்ன செய்வார்கள். இனிமேல் கொடுக்காதே, கேள். பக்கத்து அறைப் பெண்ணிடம் போய் ஒரு வெங்காயம் கேள். பேச்சு வராவிட்டால் காலித் தட்டைக் காட்டு. நீ கேட்கக் கூச்சப்படுவாய் என்று தெரியும், ஐந்தாம் வகுப்பில் பென்சில் உடைந்ததற்குப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்காமல் நகத்தால் கணக்குப் போட்டவள் நீ. ஆனால் ஒரு வாரம் கேட்டுப் பார். அப்புறமும் முடியவில்லை என்று நீ சொன்னால் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், அதே வேனை எடுத்துக்கொண்டு ஏர்போர்ட்டில் வந்து நிற்பேன். உனக்கு அது தேவைப்படாது, நான் பெற்றவளை எனக்குத் தெரியாதா.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது, கணேசபுரம் சப்வேயில் தண்ணீர், மணலி ஆலைக் காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஊரே மூக்கைப் பொத்திக்கொள்கிறது, வேறு விசேஷம் இல்லை. பாபாசாகேப் படித்த மாதிரி படித்துவிட்டு நிமிர்ந்த தலையோடு வா, உனக்கு ஒரு குறையும் வராது. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, காதை மூடாமல் வெளியே போகாதே, ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் போடு.

சொல்ல விட்டுப்போயிற்று. திங்கட்கிழமை சாயங்காலம் எப்போதும் போல உன் காலேஜ் பஸ் வரும் நேரத்துக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மார்க்கெட் ஸ்டாப்பில் போய் நின்றேன். பஸ் வந்தது. உன் கூடப் படிக்கும் ஷெர்லின் இறங்கி, யாருக்காக நிக்கிறீங்க அங்கிள் என்று கேட்டாள். உனக்காகத்தாம்மா என்று அவளிடமே சொல்லிச் சமாளித்துவிட்டேன். சொன்ன பிறகு ஏற்றாமல் வர முடியாது. அவள் வீடு மாத்தூரில் இருக்கிறது. மாதவரம் பால்பண்ணை தாண்டியதும் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. மீதி தூரம் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு போனோம். நல்ல பெண். நன்றாகத் தள்ளுகிறாள்.

இப்படிக்கு,
உன்னை லோடு ஏற்றிய நைனா,
டில்லிபாபு