நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

கீரனூரில் பஸ் ஏறியதும் உட்கார இடம் கிடைத்தது. இன்றைய ஒரே நல்ல செய்தி அதுதான். மார்ச் 31-க்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும் என்று கைடு சார் மறுபடியும் சொன்னார். என் எட்டு வருடப் பிஎச்.டி. பதிவு அன்றோடு முடிகிறது. கொடுக்காவிட்டால் பட்டமும் இல்லை, ஜூனோடு கல்லூரி வேலையும் போய்விடும்.

சிமுலேஷன் மட்டும் அழகாக இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் ஒரு வயல், மண்ணின் ஈரத்தை அளக்கும் இருபது சென்சார். ஒன்று சொல்வதை அடுத்தது வாங்கி, தைலமரக் காட்டைத் தாண்டி எங்கள் வீட்டு மாடியில் உள்ள பெட்டிக்கு அனுப்பும். நூறு செய்தி புறப்பட்டால் தொண்ணூற்று நான்கு வந்து சேரும். நிஜத்தில் அடுத்த தெரு ராசாத்தி அக்காவின் வயலிலும் நடுவில் உள்ள காட்டிலும் எட்டு நட்டிருக்கிறேன். ஈரம் இருந்தால் அவர் போனில் பச்சை, காய்ந்தால் சிவப்பு. சிவப்பு வந்தால் எங்கிருந்தாலும் போனிலேயே மோட்டாரைப் போட்டுக்கொள்ளலாம். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி இடம் கொடுத்தவர்.

23 பிப்ரவரி, ஞாயிறு

அக்காவின் கடலை கருகிவிட்டது. ஒரு ஏக்கர் முழுவதும்.

அக்கா வீட்டுக்காரர் அழகுமலை மாமாவுக்கு ஆபரேஷன். அக்கா பதினான்கு நாளாகத் திருச்சி ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தார். செடியில் காய் பிடிக்க விழுது மண்ணுக்குள் இறங்கும் நேரம், தண்ணீர் கட்டாயம் வேண்டும். போனில் பச்சை இருந்ததால் மோட்டாரைப் போடவில்லை. நேற்று வந்து பார்த்தால் இலை கையில் நொறுங்குகிறது.

"எம்மேலதான் தப்பு சுடர். ஆஸ்பத்திரி அலைச்சல்ல நான் போனை ஒழுங்காப் பாக்கலை போல" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். பச்சைதான். கடைசியாகச் செய்தி வந்தது பிப்ரவரி 6. அதற்குப் பிறகு எதுவும் வராததால் பழைய பச்சையையே காட்டிக்கொண்டிருக்கிறது. அப்படி எழுதி வைத்தது நான். தொண்ணூற்று நான்கு வரும் என்ற திமிரில், வராமலே போனால் என்ன காட்டுவது என்று யோசிக்கவே இல்லை.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

2 மார்ச், ஞாயிறு

காட்டுக்குள் போனேன். நான் சிக்னலை அளந்தது போன ஏப்ரலில். அப்போதுதான் மரங்களை வெட்டி லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் முழங்கால் உயரக் கட்டை. 'திறந்தவெளி' என்று எழுதி, ஒரு படமும் எடுத்துக்கொண்டு, அந்த எண்ணைச் சிமுலேஷனில் போட்டேன். இப்போது ஒவ்வொரு கட்டையிலும் நாலைந்து துளிர், இரண்டு ஆள் உயரம், சிக்னலை மறிக்கும் தழை. நடுவில் இருந்த சென்சார்கள் பதில் கிடைக்காமல் திரும்பத் திரும்ப அனுப்பி, பேட்டரி செத்துக் கிடக்கின்றன.

தைலமரம் வெட்ட வெட்டத் துளிர்க்கும் என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குமா? இந்தக் காட்டைத் தாண்டித்தானே பள்ளிக்கூடம் போனேன். என்னத்தப் படிச்சுக் கிழிச்சேன்?

8 மார்ச், சனி

மரத்தின் உயரத்தை மாதாமாதம் ஏற்றி மறுபடி ஓட்டினேன். தொண்ணூற்று நான்கு, எழுபது, முப்பத்தெட்டு, ஒன்பது. பிப்ரவரி முதல் வாரத்தில் பூஜ்யம். முதல் முறையாக என் சிமுலேஷன் நிஜத்தோடு ஒத்துப்போகிறது. அழுகைதான் வருகிறது.

19 மார்ச், புதன்

சாரிடம் காட்டினேன். நல்ல மனிதர், எரிச்சல்கூடப் படவில்லை. "சிமுலேஷன் தப்பில்லையேம்மா, காடுதானே மாறிப்போச்சு. இதைச் சேத்தா அஞ்சு அத்தியாயத்தையும் திருத்தணும். பன்னெண்டு நாள்ல முடியுமா? அந்தப் பழைய படத்தையும் எண்ணையும் மட்டும் வைங்க."

வைக்க மாட்டேன். அக்காவிடமும் சொல்லிவிடுவேன். நாளைக்கே.

20 மார்ச்

சொல்லவில்லை.

24 மார்ச், திங்கள்

அக்கா காய்ந்த செடியைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மாமா வாசலில் உட்கார்ந்து, "ஆஸ்பத்திரில சும்மாதான ஒக்காந்திருந்த, போனைப் பாக்கக்கூடவா முடியல ஒனக்கு" என்று அதட்டினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில்தான் நான். வாயைத் திறந்திருந்தால் போதும் — ஏன்டி சும்மா நின்ன?

28 மார்ச், வெள்ளி

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். பழைய படத்தோடு.

18 ஜனவரி 2026, ஞாயிறு

வைவா முடிந்து பத்து நாள். கல்லூரியில் என் பெயர்ப் பலகையில் 'முனைவர்' சேர்த்துவிட்டார்கள். இன்று ராசாத்தி அக்கா பூவும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"நம்ம வயலை வச்சுத்தான படிச்ச, அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

எழுபத்தோராம் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். படத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"தைலமரத்தையெல்லாம் காணோம்?"

"வெட்டினப்ப எடுத்தது அக்கா."

"அதான பாத்தேன்."

புத்தகத்தைப் பக்குவமாக மூடி மேசையில் வைத்தார். கடலை விதைத்துப் பத்து நாளாகிறதாம், அந்தச் சென்சாரை மறுபடியும் நட்டுக் கொடு என்றார். இந்தத் தடவை போனை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வாராம்.

சரி என்று சொல்லியிருக்கிறேன்.