கடற்கரையில் விட்டுவந்த தார்ப்பாய்

ஆனி 9, புதன்

விடியும்போது தூறல். பிறகு நல்ல வெயில். (பஞ்சாங்கம் ஊரிலிருந்து வரவில்லை. தேதி என் விரல் கணக்கு. தப்பென்றால் சூரியன் கோபித்துக்கொள்ளட்டும்.)

தம்பி தங்கராசு உப்புக் காய்ச்சப் போர்டிக்சன் கடற்கரைக்குக் கிளம்பினான். கூட முனியனும் இன்னும் இரண்டு பேரும். ஜப்பான்காரன் வந்தபிறகு இந்த ரப்பர் தோட்டத்தில் உப்பைக் கண்ணால் பார்த்தே வெகுநாள் ஆகிறது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொன்னவனுக்கு என்ன, குப்பையில் போட்டுவிட்டு வேறு பண்டம் எடுத்திருப்பான். நமக்கு மரவள்ளியை விட்டால் மரவள்ளி.

கொண்டுபோனது:
கோயில் கொப்பரை. ஆடிக்கூழ் காய்ச்சுவது.
ஆபீஸ் தார்ப்பாய். லாரி மூடுகிற பெரியது. கடற்கரையில் கூடாரம் கட்ட.
பாராங் கத்தி, கயிறு, அவித்த கிழங்கு.
என் குடையை மட்டும் வேண்டாமென்று வைத்துவிட்டுப் போய்விட்டான். பெண்பிள்ளைக் குடையாம்.

பூசாரி கொப்பரையைச் சும்மா கொடுத்துவிடுவாரா? சுற்றிலும் குங்குமப் பொட்டு வைத்து, கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, கல்யாணப் பெண்ணை அனுப்புவது போல அனுப்பினார்.

தார்ப்பாய்க்குத் தங்கராசு பொறுப்பு. (இனி த. பென்சில் தேய்கிறது.) ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. இன்றும் சிரிக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை ஜப்பான் துரை ஸ்டோர் பார்க்க வாறார். அதுக்குள்ள இது திரும்பி வரவேணும். கிழிசல் இருக்கப்படாது. இல்லாட்டி அடுத்த சயாம் கூட்டத்தில உன்ர பேர்தான் முதல், விளங்குதோ?"

விளங்கியது. சயாம் காட்டுக்கு ரயில் பாதை போடப் போனவர்களில் ஒருவரும் இன்னும் வீடு வரவில்லை. ஒரு வரிக் கடிதமும் கிடையாது. த. கல்யாணமாகாதவன். அப்படிப்பட்டவர்களைத்தான் முதலில் இழுக்கிறார்கள். அப்பா அம்மாவுக்குப் பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான்.

ஆனி 11, வெள்ளி

புழுக்கம். பள்ளிக்கூடத்தில் ஜப்பான் எழுத்து. நேற்று மாலை நான் படித்ததை இன்று காலை பிள்ளைகளுக்கு. ஒரு நாள் முந்தினவள் வாத்தியாரம்மா.

மத்தியானம் த. வந்தான். வெறுங்கை. கால் முழுக்க முள் கீறல். செம்பில் தண்ணீர் கொடுத்தேன். கேட்கப் பயம்.

நடந்தது: கடல்தண்ணீர் பாதி வற்றியிருக்கிறது. நேற்று விடியற்காலை சுமத்ராக் காற்று அடித்துத் தார்ப்பாயில் ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. அதை இழுத்துக் கட்டும்போது ரோட்டில் ஜப்பான் லாரி நின்று சிப்பாய்கள் இறங்கியிருக்கிறார்கள். "ஆள் புடிக்க வந்துட்டாங்கடா!" என்று முனியன் கத்த, எல்லோரும் ரப்பர் காட்டுக்குள் ஓட்டம். திரும்பிப் போக ஒருவனுக்கும் துணிவில்லை. ராத்திரி காட்டிலேயே ஒளிந்திருந்து, காட்டோரமாகவே நடந்து வீடு.

"கொப்பரையும் தார்ப்பாயும்?"

"அங்கதான்கா கெடக்கு."

சயாமுக்குப் பயந்து ஓடியிருக்கிறான். ஓடினதால் இப்போது சயாம். தலையில் அடித்துக்கொண்டேன். அவன் தலையில் இல்லை, என் தலையில்.

திரும்பப் போய்த் தேடுகிறேன் என்கிறான். ஆபீஸ் பாஸ் நேற்றோடு முடிந்தது. பாஸ் இல்லாமல் ரோட்டில் நடப்பவனை நேரே லாரியில் ஏற்றிவிடுவார்கள். போகக்கூடாது என்று கதவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

ஆனி 12, சனி

வெயில். சாம்பல் போட்டுத் துணி துவைத்தேன். துவைக்கத் துணி இருந்தால்தானே. சேலை ஒன்று, ஒட்டுப்போட்டது. மேல்வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சேர்த்து ஒரே சேலை. ஒருத்தி வெளியே போனால் ஒருத்தி உள்ளே.

ஸ்டோர்ப் பக்கம் பெ. கிராணி பிடித்துக்கொண்டார். "ஏன் பிள்ளை, அந்தத் தார்ப்பாய் இன்னும் வரேல்லையே?"

"நனஞ்சு போச்சுங்க. காய வச்சிருக்கோம்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பாயைக் காயவைக்கிற பார்வை.

நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். கடற்கரையில் அவ்வளவு பெரிய துணி ஆளில்லாமல் கிடக்கிறது. இந்தக் காலத்தில். கோணி கட்டிக்கொண்டு திரிகிற ஊரில். யார் விடுவார்கள்? இந்நேரம் அது நாலு கால்சட்டை, இரண்டு பாவாடை, ஒரு தூளித் துணி. நான் எடுத்திருந்தால் நானும் தைத்திருப்பேன். பிறகு எந்த வாயால் அவர்களைத் திட்டுவது? ஆனாலும் திட்டினேன். மனசுக்குள், நன்றாக.

ஆனி 13, ஞாயிறு

மந்தாரம். கோழி ஒன்று முட்டையிட்டது. சந்தோஷப்படத் தோன்றவில்லை.

பூசாரிக்கு விஷயம் எட்டிவிட்டது. கத்துவார் என்று நினைத்தேன். விபூதி எடுத்து நீட்டுகிறார். "கவலப்படாத தாயி. பொட்டு வச்ச கொப்பர. தொட்டவன் கை வெளங்குமா? ஆத்தாளே கொண்டாந்து சேத்துருவா."

கொப்பரையை ஆத்தாள் கொண்டுவரட்டும், தார்ப்பாயை யார் கொண்டுவருவது என்று கேட்டேன். அது கவர்மெண்டு சாமான், அதில் தான் தலையிடுவதில்லை என்றார்.

சாயங்காலம் த. தன் வேட்டியை மடித்து வைக்கிறான். சட்டையை மடித்து வைக்கிறான்.

"என்னடா?"

"நாளைக்கு நானே போயி பேரு குடுத்துடறேன்கா. செவ்வாக்கெழம எல்லாரு முன்னாடியும் அடிச்சு இழுத்துட்டுப் போறதுக்கு, நானா போனா மரியாதையா இருக்கும்லா."

மடித்த துணி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். அவன் மறுபடி மடித்தான். நான் மறுபடி பிரித்தேன். அப்புறம் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், அப்புறம் நான் அழுதேன். இவன் போனால் இந்த வீட்டில் யாருக்கு உலை வைப்பேன்? எழுத வரவில்லை. போதும்.

ஆனி 14, திங்கள்

காலை நல்ல மழை. அதனால்தான் த. இன்னும் ஆபீசுக்குப் போகாமல் வாசலில் நின்றான். அந்த மழைக்குக் கோடி கும்பிடு.

மழை விட்டதும் ஒரு மாட்டுவண்டி. தெரியாத ஆள், ஆனால் தமிழாள். "இந்தத் தோட்டத்துலேருந்து உப்புக் காய்ச்சப் போனது யாருங்க?"

எனக்குச் சந்தேகம். உளவு பார்க்கிறவனாக இருக்கலாம். "யாரும் போகலியே."

"அப்ப இந்தக் கொப்பரைய என்னா பண்றது? நானே கொண்டுட்டுப் போயிரட்டுமா?"

நான் வண்டியைப் பார்த்து ஓடியதை மேல்வீட்டு மாமியார் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். (இன்றைக்கு வெளியே வரும் முறை அவளுக்கு.)

கொப்பரை. குங்குமம் அழிந்திருந்தது, மஞ்சள் துணி அப்படியே. உள்ளே தார்ப்பாய், காயவைத்து, மடித்து. அதற்கும் கீழே பாக்குமட்டையில் கட்டிய ஒரு பொட்டலம். பிரித்தால் உப்பு. வெள்ளை வெளேரென்று உப்பு! பாதியில் விட்டு ஓடிய தண்ணீரை யாரோ கடைசிவரை காய்ச்சி, அள்ளிக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

வண்டிக்காரர் சொன்னது: "கடக்கரையில பெரிய கெத்தாப்பாங் மரத்தடி வீட்டு மலாய்க்கார மீன்காரரு எடுத்து வச்சிருக்காரு. ஒரு பகல் பூரா பாத்தாராம், ஆளு வரல. கருவாடு ஏத்திட்டுப் போற சீனரு கிட்ட குடுத்திருக்காரு. அவரு லுக்குட் சந்தி வரைக்கும் கொண்டாந்து எங்கிட்ட குடுத்தாரு. தார்ப்பாயில வெள்ளப் பெயிண்டுல எழுதியிருக்கிற தோட்டத்துப் பேர அந்தச் சந்தியில கட வச்சிருக்கவருதான் படிச்சாரு. நமக்கெதுக்கு வம்புன்னு நான் கேட்டதுக்கு, ஓராங் பூஞ்ஞான்னாரு சீனரு. மலாய்க்காரரு அவருகிட்ட சொன்னதும் அதேதானாம். இன்னொருத்தரோட சாமான்னு அர்த்தம், அவ்வளவுதாங்க."

பூசாரி அதற்குள் வந்து நிற்கிறார். "பாத்தியா? பொட்டுக்குப் பயந்துட்டானுங்க!"

வண்டிக்காரர் சிரித்தார். "தார்ப்பாயில பொட்டு இல்லியே சாமி."

பூசாரி கொப்பரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வண்டிக்காரர் இடுப்பில் கோணி. அதுவும் அரைக் கோணி. மற்ற அரை வீட்டுக்காரிக்காம். இந்த மனிதர் வழியெல்லாம் அவ்வளவு துணியை வைத்துக்கொண்டு ஓட்டி வந்திருக்கிறார். ஓரத்தில் ஒரு முழம் கிழித்திருந்தால் யாருக்குத் தெரியும்? கிழிந்த இடத்தைக்கூடத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள், மீன்வலை நூலால், நெருக்க நெருக்கமாக. த. அந்தத் தையலைத் தடவிக்கொண்டே நின்றான். நான் அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டேன். முன்பின் தெரியாத ஆண்பிள்ளை கை. அதனால் என்ன.

உப்பில் பாதி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பிள்ளைக்கு என்று ஒரு பிடி மட்டும் இலையில் வாங்கிக்கொண்டு போனார்.

ஆனி 15, செவ்வாய்

வெயில். ஆபீஸ் முன்னால் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஜப்பான் துரைக்குக் குனிந்து வணக்கம். பிறகு அவர் ஸ்டோர் சாமானை வெளியே போடச் சொன்னார். மண்வெட்டி, வாளி, தார்ப்பாய்.

தார்ப்பாயை விரிக்கச் சொன்னார். விரித்தார்கள். தையல் பளிச்சென்று தெரிந்தது. பழுப்பு நூல். துரை அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். பெ. கிராணி த. பக்கம் திரும்பினார்.

அப்போது மடிப்பிலிருந்து ஏதோ உருண்டு விழுந்தது. மூங்கிலில் செதுக்கிய வலை பின்னும் ஊசி, நூல் சுற்றியபடியே. தைத்தவர் மறந்து உள்ளேயே வைத்து மடித்துவிட்டார் போல. துரை அதை எடுத்துக்காட்டி இது என்ன என்று அதட்டினார்.

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "ஹரி," என்றேன். ஊசிக்கு அவர்கள் பாஷையில் அதுதான். போன வாரப் பாடம். தைப்பதுபோல் கையை ஆட்டி, கிழிசலைக் காட்டி, த.வைக் காட்டினேன்.

உடனே பெ. கிராணி முன்னால் வந்தார். "நாங்களே ஊசி செய்து தைச்சனாங்கள், துரை." தனக்குத் தெரிந்த ஜப்பான் வார்த்தை நாலையும் சேர்த்து அதையே மறுபடி சொன்னார். அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது! ஆனாலும் சொன்னார்.

துரை தையலை இழுத்துப் பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார். தலையை ஆட்டினார், ஊசியை த. கையில் கொடுத்தார், வாளிப் பக்கம் போய்விட்டார்.

சயாமுக்கு இந்த முறை இங்கிருந்து ஆள் கேட்கவில்லை. அடுத்த முறை? அதை அடுத்த முறை பார்ப்போம்.

போகும்போது பெ. கிராணி என் காதருகே: "காயவைச்ச தார்ப்பாய் நல்லாத்தான் காய்ஞ்சிருக்குது, பிள்ளை." சிரித்தார் என்று சத்தியம் செய்ய முடியாது.

ராச்சோறு நானும் த.வும் நிறையச் சாப்பிட்டோம். ஒன்றுதான் உறுத்தல். அந்த மீன்காரர் தைத்ததை நாங்கள் தைத்ததாகச் சொல்லிவிட்டேன். ஊசி வேறு இங்கே கிடக்கிறது. ஊசி இல்லாமல் அவர் வலையை எப்படிப் பின்னுவார்?

ஆனி 16, புதன்

காலையில் மேகம்.

ஊசியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று த. எழுந்தான். உட்காரு என்றேன். பாஸ் உன் தாத்தா கொடுப்பாரா?

நானே ரோட்டுக்குப் போய் நின்றேன். வெகுநேரம். கடைசியில் லுக்குட் பக்கம் போகிற ஒரு சைக்கிள், கரி மூட்டை ஏற்றிக்கொண்டு. முன்பின் பார்த்திராத சீனர். என் மலாயில் சொன்னேன்: போர்டிக்சன், கடற்கரை, பெரிய கெத்தாப்பாங் மரம், மீன்காரர் வீடு. ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொப்பிப் பட்டையில் செருகிக்கொண்டு மிதித்துப் போய்விட்டார். பேர்கூடக் கேட்கவில்லை, அவரும் என்னை, நானும் அவரை.

"போய்ச் சேருமாக்கா?"

"சேரும்."

மழை வருகிறது. விறகு வெளியே கிடக்கிறது.