ஆளில்லாத தறிகள்

14-6-1971, திங்கள்

சென்னையில் சினிமா ஒளிப்பதிவுப் படிப்புக்கு இன்று நேர்முகத் தேர்வு. நான் எடுத்த நான்கு போட்டோக்களையும் பார்த்த தேர்வுக்குழுப் பெரியவர் சிரித்துவிட்டார்.

"நெசவாளர்கள்னு தலைப்பு போட்டிருக்கே, நெய்யற ஆளையே காணோமேப்பா?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெரு போட்டோ ஸ்டுடியோக்கார அண்ணனிடம் கேமரா இரவல் வாங்கியது அமாவாசையன்று. அன்றைக்குத்தான் எனக்கு லீவு. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் எல்லோருக்குமே அமாவாசை விடுமுறை, ஒரு தறியும் ஓடாது. இதைச் சொல்லியிருக்கலாம். போட்டோக்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டார்.

"இன்னாபா, எடுத்துக்குவாங்களா?"

"தெரியலப்பா."

"சரி, வந்து குந்து. நீ இல்லாம கரை அப்படியே நிக்குது."

எங்களுடையது இரண்டு ஆள் தறி. அப்பா சேலையின் உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து நான் அதன் கரையைக் கோக்க வேண்டும். உட்கார்ந்தேன். கூரைக் கண்ணாடி வழியாகச் சாய்ந்த வெயில் அப்பாவின் விரல்களில் விழுந்தது. ஜரிகை மின்ன, ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடா அந்த வெளிச்சத்துக்குள் போய்ப் போய் வந்தது. இத்தனை வருஷமாகப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, நான் எடுத்திருக்க வேண்டிய படம்.

எழுந்து நாலடி தள்ளி நின்றால்தான் அதை எடுக்க முடியும். நான் எழுந்தால் தறி நின்றுவிடும்.