இரண்டு சிந்துக்களும் மாறி வந்த அறிக்கையும்

அனுப்புநர்:
த. சிந்து (வயது 26),
க/பெ தர்மன்,
குடிசை எண் 41, ரயில் பாதையோரக் குடியிருப்பு,
மோதி பாக் அருகில், புது தில்லி.

பெறுநர்:
உள்ளுறை ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு இல்லம், புது தில்லி.

பொருள்: கருவிலுள்ள குழந்தைக்குத் தலசீமியா உண்டா என்று பார்த்த அறிக்கை வேறொரு பெண்ணுடையதோடு மாறியது – உடனே தலையிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இரண்டு வீடுகளில் சமையல் செய்கிறேன். என் கணவர் தர்மன் டைல்ஸ் ஒட்டுபவர். என் தாய்மாமன் மகன். எங்கள் மகள் சுபிக்ஷாவுக்கு ஆறு வயது. அவளுக்குத் தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். நரம்பு கிடைக்காமல் கையிலும் காலிலும் மாற்றி மாற்றிக் குத்துவார்கள். முன்பெல்லாம் அழுவாள். இப்போது அழாமல் கையை நீட்டுகிறாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிக பயமாக இருக்கிறது.

2. எங்கள் இருவர் மரபணுவிலும் ஒரே பிறழ்வு இருப்பதாக ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. எங்களுக்கு நோய் இல்லை. ஆனால் இருவரிடமிருந்தும் அது பிள்ளைக்குப் போனால் நோய் வரும் என்றும், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு அந்த ஆபத்து உண்டு என்றும் மருத்துவர் விளக்கினார்.

3. நான் மீண்டும் கருவுற்றேன். பன்னிரண்டாவது வாரத்தில், 3.10.2025 அன்று, வயிற்றில் ஊசி செலுத்தி நஞ்சுக்கொடியிலிருந்து திசு எடுத்தார்கள். 24.10.2025 அன்று அறிக்கை வந்தது. குழந்தைக்கு நோய் இல்லை என்றார்கள். அன்று என் கணவர் பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

4. வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தேன். பெயர் சிந்து என்றே இருந்தது. வயது 31, கணவர் பெயர் தரம்பால். பதிவு எண்ணும் என்னுடையது அல்ல. பெற்றோரின் பிறழ்வு என்று குறித்திருந்ததும் எங்கள் பழைய அறிக்கையில் உள்ளது அல்ல. அது வேறு குடும்பத்தின் காகிதம்.

5. "நல்லதுன்னு வந்துருக்கு, பேசாம இரு புள்ள, எதுக்குக் கிண்டுற" என்றார் என் கணவர். இரண்டு நாள் நானும் பேசாமல் இருந்தேன். அதை மறைக்காமல் சொல்கிறேன். மூன்றாம் நாள் சுபிக்ஷாவுக்கு ரத்தம் ஏற்றும்போது அவள் என் வயிற்றைத் தொட்டு, "பாப்பாவும் இங்கதான் வருமாம்மா?" என்று கேட்டாள். அன்றே மருத்துவமனையில் அறிக்கை தரும் கவுண்டருக்குப் போனேன்.

6. அங்கிருந்தவர், "நல்ல ரிப்போர்ட்தானே, குஷியா வீட்டுக்குப் போ" என்று இந்தியில் சொல்லி அனுப்பினார். ஆறு முறை போய்விட்டேன். எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு ரசீது தரவில்லை. இப்போது என் கணவரே வேலையை விட்டு, மகப்பேறுப் பிரிவு வாசலில் நின்று, சிந்து என்ற பெயர்கொண்டவர் யாராவது உண்டா என்று வருகிற பெண்களிடம் கேட்கிறார். காவலாளி இருமுறை விரட்டியிருக்கிறார்.

7. எனக்கு இன்று பதினெட்டு வாரம். கருவை வைத்துக்கொள்வதா கலைப்பதா என்று இருபதாவது வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். குழந்தை அசையத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு அசைவும் எனக்கு அச்சத்தையே தருகிறது.

8. ஐயா, இதைவிடப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. அந்தப் பெண்ணின் காகிதம் என்னிடம் இருக்கிறது என்றால், என்னுடையது அவரிடம் இருக்கலாம். அதில் நோய் உண்டு என்று எழுதியிருந்தால், அதை நம்பி அவர் நோயில்லாத தன் பிள்ளையைக் கலைத்துவிடுவார். நாள் குறித்துவிட்டாரோ என்னவோ, எனக்குத் தெரியாது.

ஆகவே, தாங்கள் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் நேரில் பேசி, என் உண்மையான அறிக்கையைப் பெற்றுத் தரவும், அது கிடைக்காவிட்டால் பனிக்குட நீர் எடுத்து உடனே மறுபரிசோதனை செய்ய வைக்கவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். என் அறிக்கை, அந்தப் பெண்ணுக்குத் தகவல் ஆகிய இரண்டையும் ஒரே நாளில் கவனிக்க இயலாது என்றால், என்னுடையது நாளை ஆகட்டும். தரம்பால் மனைவி சிந்துவுக்கு இன்றே தொலைபேசியில் சொல்லச் செய்யுங்கள். அவர் எண் மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கும்.

இடம்: புது தில்லி
நாள்: 14.11.2025

இப்படிக்கு,
த. சிந்து

இணைப்பு: மாறி வந்த அறிக்கையின் நகல், எங்கள் பழைய ரத்தப் பரிசோதனை அறிக்கை, மருத்துவமனையின் பெயரும் என் பதிவு எண்ணும் உள்ள சீட்டு.