கிணறு தெரியாத படம்

சாக்கை உதறியதும் காய்ந்த சாதாழைக் கடற்புல் மணம் மூக்கில் அடித்தது. சாட்டிக் கடற்கரையில் ஆலாக் குருவிகளைப் படம் பிடிக்க, நண்பரே, நீர் குப்புறக் கிடந்த சாக்கு. நீர் கண்மூடியபின் உம்முடைய மனைவி அதை என்னிடம் தந்தார். "எத்தினை தரம் கழுவியும் மணம் போகுதில்லை அண்ணை. நீங்களே வைச்சிருங்கோ."

ஒவ்வொரு பருவத்திலும் நம் பறவைக் காப்புச் சங்கத்துக்குக் கைகொடுப்பவர்களுக்குப் படம் அனுப்புவோம். படம் உம்முடையது, கீழே நாலு வரி என்னுடையது. அவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கும் நம் தீவார். குருவியை எங்கே பார்த்தார்கள்! "பின்னாலை தெரியிறது ஆரின்ரை காணி?" என்றுதான் கேட்பார்கள்.

அவர்கள் ஆசைக்காக ஒருமுறை, முட்டையில் அடைகிடந்த ஆலாவோடு பின்னால் நின்ற கிணற்றையும் சேர்த்து அனுப்பினீர். கனடாப் பெரியவர் ஒருவர் அது தன் பாட்டன் வெட்டிய கிணறென்று கண்டுபிடித்துவிட்டார். ஊருக்கு வந்ததும் குடும்பத்தையே வான் வண்டியில் ஏற்றி வந்து, மணற்குழியில் கிடந்த முட்டைகளுக்குப் பக்கத்திலேயே சோற்றுப் பானையை இறக்கினார். ஆலா தலைக்கு மேலே கத்திக் கத்திச் சுற்றியது. விட்டால் வெயிலில் முட்டை அவிந்துவிடும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீரோ, "ஐயா, இதிலை கட்டெறும்பு. கிணத்தடியிலை நல்ல நிழல்" என்று பானையை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினீர். எறும்பாவது மண்ணாவது! ஆலா திரும்பி வந்து முட்டையில் அமர்ந்ததும், பெரியவரைச் சாக்கில் படுக்கவைத்துக் கமெராவுக்குள்ளால் காட்டினீர். மனுஷர் எழும்ப மாட்டேன் என்றுவிட்டார்.

அன்றிலிருந்து இரண்டு படமாக அனுப்பினோம். ஒன்றில் இடம் தெரியாத குருவி, மற்றதில் குருவி இல்லாத ஊர்.

இந்தப் பருவம் தனியே போனேன். நீர் இல்லையென்றால் எல்லோரும் மெல்லக் கழன்றுவிடுவார்கள் என்று உள்ளூரப் பயம். நான் எடுத்த படத்தில் தாயின் செட்டை பாதி வெட்டுப்பட்டுவிட்டது. ஆனாலும் குஞ்சு தெளிவாக விழுந்திருந்தது. அனுப்பினேன். முதலில் வந்தது அந்தப் பெரியவரின் குரல்பதிவுதான்.

"தம்பி, குஞ்சு நல்ல வடிவு. மணலைப் பாத்தே எங்கடை கிணத்தடி எண்டு விளங்கீட்டுது. பயப்பிடாதையும், மனுசிக்கும் சொல்லேல்லை."

விழுந்து விழுந்து சிரித்தேன். இதை உடனே ஒருவருக்குக் கேட்கக் கொடுக்க வேண்டும்போல் இருந்தது. விரல் பழக்கத்தில் உம்முடைய பெயரில் போய் நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு அனுப்பிவிட்டேன்.